பந்தயக் களத்தின் பேச்சு: கார் டியூனிங் உலகுக்குள் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டிகளை நிறுத்தித் தயார்செய்யும் பேடக் பகுதியின் ஓரமாகச் சிறிது நேரம் நின்றால், "ஸ்டேஜ் டூ போட்டிருக்காராம், ஆனா வீல்ல நூத்தி இருபதுதான் காட்டுது, ஹீட் சோக்கா இருக்கும்" என்பது போன்ற ஒரு பேச்சு காதில் விழும். பேசுவது தமிழ்தான் என்றாலும், புதிதாக வந்தவருக்கு அதில் "ஆனா", "இருக்கும்" போன்ற சில சொற்களைத் தவிர வேறெதுவும் பிடிபடாது. கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருபவர்கள் பலர். அப்படித் தலையாட்டிய காரணத்தாலேயே பிற்பாடு தேவையில்லாத பாகங்களுக்குப் பெரும் பணம் செலவழித்தவர்களையும் எனக்குத் தெரியும். டியூனிங், அதாவது வண்டியின் திறனையும் ஓட்டத்தையும் மாற்றியமைக்கும் வேலை, பற்றிய இந்தப் பேச்சைப் புரிந்துகொள்வது, நம் பணத்தையும் வண்டியையும் உயிரையும் காத்துக்கொள்வதற்கான முதல் வேலை என்று உறுதியாக நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பரிந்துரைக்கும் வழி எளியது. ஒரு சொல் காதில் விழுந்தவுடன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது வண்டியின் எந்த உறுப்பைப் பற்றியது? இதை எந்த எண்ணால் சொல்கிறார்கள்? அந்த எண்ணை எங்கே, எந்த நிலையில் அளந்தார்கள்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் சொல் தானாகவே மனத்தில் நிற்கும். விடை சொல்ல முடியாதவர் அந்தச் சொல்லை அழகுக்காகப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

படிகளுக்குள் செல்லும் முன், இந்தச் சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியைச் சிறிது சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. அதே கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடத்தைத் திறந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800இன் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை 1980களின் இறுதியில் உருவாக்கினார். அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இலும் சென்னையின் கருண் சந்தோக் 2010இலும் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியது இந்த மரபிலிருந்து கிளம்பித்தான். ஆகவே நம் பேச்சில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: கிளப்புகள் வழியாக வந்த ஆங்கிலப் பந்தயச் சொற்கள், பட்டறைகளில் பிறந்த தமிழ்ச் சொற்கள், ஜப்பானிய வண்டிகளின் மீதான காதலால் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட குறியீடுகள். ஒரே உரையாடலில் மூன்றும் கலந்துதான் வரும்.

முதல் படி: வண்டியை அழைக்கும் பெயர்கள்

"ஸ்டாக்" என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி அல்லது பாகம். "டெய்லி" என்பது தினமும் அலுவலகத்துக்கும் கடைக்கும் எடுத்துச் செல்லும் வண்டி. "ப்ராஜெக்ட்" என்பது பிரித்துப் போட்டு வேலை நடந்துகொண்டிருப்பது. "பில்ட்" என்பது அந்த வேலையின் மொத்தத் திட்டம், பாகங்களின் பட்டியல் உட்பட. வெளித்தோற்றத்தில் சாதாரணக் குடும்ப வண்டியாக இருந்து உள்ளே பலத்த வேலை செய்யப்பட்டிருந்தால் அதற்கு "ஸ்லீப்பர்" என்று பெயர். என் கண்ணில் இந்த உலகின் மிக மரியாதைக்குரிய வண்டி அதுதான், ஏனென்றால் அதில் செலவான ஒவ்வொரு ரூபாயும் ஓட்டத்துக்கே போயிருக்கிறது.

"ஜே.டி.எம்." என்ற மூன்றெழுத்தை ஜப்பானிய வண்டி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகச் சொல்கிறார்கள், ஆனால் அது ஜப்பான் தன் உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரித்த வண்டியையோ பாகத்தையோ மட்டுமே குறிக்கும். ஜப்பானிய நிறுவனம் இந்தியாவுக்கென்று வடிவமைத்து இங்கேயே விற்ற வண்டி ஜே.டி.எம். ஆகாது. இந்த வட்டாரத்தில் வண்டிகளை மாடல் பெயரால் அழைக்காமல், நிறுவனம் வண்டியின் உடற்கூட்டுக்கு இட்ட சேசிஸ் குறியீட்டால் அழைப்பது வழக்கம். 1983இல் வந்த டொயோட்டா கொரோலாவின் பின்சக்கர இயக்க வகையான ஏ.ஈ.86ஐ, ஜப்பானிய மொழியில் எட்டு-ஆறு என்று பொருள்படும் "ஹாச்சி-ரோக்கு" என்றே சொல்வார்கள். "டூ-ஜே-ஸெட்" என்று மெய்மறந்து பேசுபவர் குறிப்பிடுவது, சூப்ரா என்னும் காரில் இருந்த 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட டொயோட்டா இன்ஜினை. இந்தியாவுக்கும் இப்படியோர் அன்புப் பெயர் உண்டு: 2000ஆவது ஆண்டையொட்டி வந்த 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன் ஹோண்டா சிட்டியை "ஓ.எச்.சி. வி-டெக்" என்று சொன்னால், முன்பின் தெரியாத இருவர் அரை மணி நேரம் நின்று பேசுவார்கள். வி-டெக் என்பது வால்வுகளைத் திறக்கும் கேம் முனைகளைச் சுழற்சி வேகத்துக்கு ஏற்ப மாற்றும் ஏற்பாடு; ஹோண்டா இதை 1989இல் இன்டெக்ரா காரில் கொண்டுவந்தது. சுழற்சி உயர்ந்து பெரிய கேம் முனை வேலைக்கு வரும் கணத்தில் ஒலி மாறுவதைத்தான் "வி-டெக் கிக் ஆகுது" என்கிறார்கள்.

"ரைஸர்" என்ற சொல்லையும் கேட்பீர்கள். பெரிய ஸ்பாய்லர், ஸ்டிக்கர், இரைச்சலான சைலன்சர் ஆகியவற்றை மாட்டிவிட்டு ஓட்டத்தில் எந்த மாற்றமும் செய்யாத வண்டிக்கான ஏளனப் பெயர் அது. அரிசி உண்ணும் ஆசிய மக்களையும் அவர்கள் தயாரித்த வண்டிகளையும் மேலைநாட்டில் இழித்துப் பேசியதன் எச்சம் அச்சொல்லில் இருக்கிறது. மூன்று வேளையும் சோறு உண்ணும் நாம் அதை வாயில் எடுக்கக் காரணமே இல்லை.

இரண்டாம் படி: திறனும் இழுவையும்

பட்டறைத் தமிழில் "பிக்கப்", "இழுவை" என்று இரண்டு சொற்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. மிதித்தவுடன் வண்டி வேகமெடுக்கும் தன்மை பிக்கப்; ஆள்களையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் சளைக்காமல் ஏறும் தன்மை இழுவை. பொறியியல் புத்தகம் பவர், டார்க் என்று பிரித்துச் சொல்வதை நம் மெக்கானிக்குகள் காதாலும் காலாலும் முன்பே பிரித்து வைத்திருந்தார்கள்.

இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு கணக்கால் பிடித்துக்கொள்ளலாம். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர் கிடைக்கும். நம் ஊர் டியூனிங் பட்டறைகளில் அதிகம் காணப்படும் ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டி.எஸ்.ஐ. 1750 முதல் 4000 சுழற்சி வரை 175 நியூட்டன் மீட்டர் தருகிறது. 4000 சுழற்சியில் கணக்கிட்டால் சுமார் 73 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 100 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்); அதே 175ஐ 2000 சுழற்சியில் கணக்கிட்டால் பாதியான 50 பி.எஸ். மட்டுமே. இழுவை ஒன்றேயாக இருந்தும் திறன் இரட்டிப்பாவது எப்படி என்பது இந்த ஒரு வரிக் கணக்கில் விளங்கிவிடும். 1 பி.எஸ். 735.5 வாட், பிரிட்டிஷ் வழக்குக் குதிரைத்திறனான 1 பி.எச்.பி. 745.7 வாட் என்பதால் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனாலும் ஒரு வண்டியின் பி.எஸ். எண்ணை இன்னொரு வண்டியின் பி.எச்.பி. எண்ணோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி, அதாவது எங்கே அளந்தது என்ற கேள்வி, முழு வலிமையோடு வருகிறது. நிறுவனம் வெளியிடும் எண் இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டில் அளந்தது. பட்டறையில் உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு அளக்கும் கருவியான "டைனோ" காட்டுவது சக்கரத்தில் வந்து சேரும் திறன். அதைத்தான் "வீல்ல" என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கியர்பெட்டியிலும் அச்சுகளிலும் 10 முதல் 15 சதவீதம் வரை இழப்பு ஏற்படுவது இயல்பு என்பதால், 110 பி.எஸ். என்று விற்கப்பட்ட வண்டி டைனோவில் 94 முதல் 99 வரை காட்டினால் அதில் குறை எதுவும் இல்லை. இதை அறியாதவர்தான் தன் வண்டியின் வீல் எண்ணைப் பக்கத்து வண்டியின் கிராங்க் எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோகிறார்.

மூன்றாம் படி: காற்று, எரிபொருள், "ஸ்டேஜ்"

இன்ஜினிலிருந்து கூடுதல் திறன் பெற அதிகக் காற்றை உள்ளே அனுப்பி அதற்கேற்ற எரிபொருளைச் சேர்த்து எரிக்க வேண்டும். டியூனிங் சொற்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வேலையின் பகுதிகள். வளிமண்டல அழுத்தத்தில் தானாக மூச்சிழுக்கும் இன்ஜின் "என்.ஏ.", வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதன் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறியால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ. அப்படித் தள்ளப்படும் கூடுதல் அழுத்தம் "பூஸ்ட்". அது பார் அல்லது பி.எஸ்.ஐ. அளவில் சொல்லப்படும், 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. விசிறி வேகமெடுப்பதை "ஸ்பூல்" என்றும், மிதித்ததற்கும் அழுத்தம் வருவதற்கும் இடையே உள்ள தாமதத்தை "லேக்" என்றும் சொல்வார்கள். அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திசைதிருப்பி விடும் கதவு "வேஸ்ட்கேட்". ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் அடைபட்டுப் போகும் அழுத்தக் காற்றை வெளியே விடும் வால்வுதான் "பி.ஓ.வி.", பலரும் காதல் கொள்ளும் அந்தச் சீறல் ஒலி அதனுடையது. அந்த ஒலியால் திறன் கூடுவதில்லை என்பதைப் பணம் கொடுக்கும் முன் நினைவில் வையுங்கள்.

அழுத்திய காற்று சூடாகும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. அதைக் குளிர்விக்கவே "இன்டர்கூலர்" இருக்கிறது. இன்டர்கூலரும் காற்றுப் பாதையும் வெப்பத்தை உறிஞ்சித் தேக்கிக்கொண்டு குளிர்விக்கும் வேலையைச் செய்ய முடியாமல் போகும் நிலைதான் தொடக்கத்தில் கேட்ட "ஹீட் சோக்". மே மாதப் பிற்பகலில் ஒரு டைனோ அறையில் நின்றபோது இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் வரைகோடு அழகாக ஏறியது. இடைவெளி தராமல் எடுத்த இரண்டாவதில் சற்றுத் தாழ்ந்தது. மூன்றாவதில் இன்னும் தாழ்ந்தது. வண்டியின் உரிமையாளர் முகம் வாடிப்போக, டியூனர் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்து பெரிய மின்விசிறியை அதன் முன் இழுத்து வைத்து, எல்லாரையும் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். திரும்பி வந்து ஓட்டியபோது முதல் எண்ணே மீண்டும் வந்தது. வண்டி கெட்டுவிடவில்லை, வெந்துபோயிருந்தது, அவ்வளவே.

எரிபொருள் பக்கம் வந்தால் "ஏ.எஃப்.ஆர்." என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று தேவை. காற்று இதைவிட மிகுந்தால் "லீன்", பெட்ரோல் மிகுந்தால் "ரிச்". முழுவதும் மிதிக்கும்போது சற்று ரிச்சாக வைத்தால் உள்வெப்பம் கட்டுக்குள் இருக்கும். டர்போ இன்ஜினில் லீனாக ஓட்டுவது பிஸ்டனை உருக்கும் அளவுக்கு ஆபத்தானது. "நாக்கிங்" என்பது தீப்பொறியின் தீச்சுடர் சீராகப் பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிப்பது. உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி வரும். பெட்ரோலின் ஆக்டேன் எண் இந்த வெடிப்பைத் தாங்கும் திறனைக் குறிக்கிறது. இந்தியாவில் சாதாரணப் பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேனாக இருந்தது; இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. ஆக்டேன் கூடினால் தானாகத் திறன் கூடிவிடும் என்று எண்ணுவது தவறு. அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இன்ஜின் அமைக்கப்பட்டிருந்தால்தான் பயன்.

அந்த அமைப்பு இருக்கும் இடம், இன்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யூ. அதில் உள்ள எரிபொருள், தீப்பொறி, பூஸ்ட் அட்டவணைகளை மாற்றி எழுதுவது "ரீமேப்". கணினியைத் தொடாமல், சென்சார்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு பெட்டியை மாட்டி அளவுகளை மாற்றிக் காட்டுவது "டியூனிங் பாக்ஸ்" அல்லது "பிக்கிபேக்". உத்தரவாதத்துக்கு அஞ்சுபவர்கள் பெட்டியை நாடுகிறார்கள், ஏனென்றால் கழற்றிவிடலாம். நான் ரீமேப்பையே விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே கணினிக்குப் பொய் சொல்லப்படுவதில்லை. பொதுவாக "ஸ்டேஜ் ஒன்" என்றால் பாகம் எதையும் மாற்றாமல் ரீமேப் மட்டும். "ஸ்டேஜ் டூ" என்றால் காற்று உள்வரும் பாதையும் டர்போவுக்குப் பின்னால் உள்ள டவுன்பைப் என்னும் புகைக்குழாயும் மாற்றி அதற்கேற்ற ரீமேப். "ஸ்டேஜ் த்ரீ" என்றால் பெரிய டர்போ. ஆனால் இதற்கு உலகப் பொது வரையறை எதுவும் கிடையாது. ஒரு பட்டறையின் ஸ்டேஜ் டூ இன்னொன்றின் ஸ்டேஜ் ஒன்னாக இருக்கலாம். ஆகவே ஸ்டேஜ் எண்ணைக் கேட்காதீர்கள். எந்தெந்தப் பாகம் மாறும், எந்த ஆக்டேனுக்கு எழுதிய மேப், முன்னும் பின்னும் எடுத்த டைனோ தாள் கிடைக்குமா என்று கேளுங்கள். என்.ஏ. இன்ஜினில் ரீமேப் மட்டும் செய்தால் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது என்பதை நேர்மையான டியூனர் தாமாகவே சொல்லிவிடுவார்.

"பாப்ஸ் அண்ட் பேங்ஸ்" என்பது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எரியாத பெட்ரோலைப் புகைக்குழாயில் வெடிக்கவிட்டு ஒலி எழுப்பும் மேப். அது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கொல்லும்; நள்ளிரவில் தெருவில் உறங்கும் குழந்தையை எழுப்பும். "நாஸ்" என்று சொல்லப்படும் நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அன்று. வெப்பத்தில் உடைந்து ஆக்சிஜனைத் தரும் வாயு அது; கூடுதல் பெட்ரோலைச் சேர்த்து எரித்தால்தான் திறன் வரும். திரைப்படங்கள் காட்டுவது போல ஒரு பொத்தானோடு முடிகிற காரியம் அன்று.

நான்காம் படி: டயர், வீல், நிற்கும் கோணம்

புதியவர்கள் தம் பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வண்டி தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கை அளவுதான். மற்ற எல்லா வேலையும் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகவே தரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் 185/60 ஆர்15 என்று எழுதியிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், உள்ளே பொருந்தும் வீலின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். மொத்த விட்டம் காண 15ஐ 25.4ஆல் பெருக்கி 381 மில்லிமீட்டர் பெற்று, பக்கச்சுவர் 111ஐ இரண்டு முறை கூட்டினால் 603 மில்லிமீட்டர். இப்போது 16 அங்குல வீலுக்கு மாறுபவர் 195/55 எடுத்தால் விட்டம் ஏறக்குறைய 621 ஆகிவிடும். ஏறத்தாழ 3 சதவீதம் கூடுதல் என்பதால் ஸ்பீடோமீட்டர் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், இழுவையும் சற்று மந்தமாகும். 195/50 எடுத்தால் 601 வரும். பழைய அளவுக்கு மிக அருகில். "ப்ளஸ் ஒன்" என்று சொல்லப்படும் அப்சைஸ் வேலையைச் சரியாகச் செய்வது இந்தக் கூட்டல் கணக்கு மட்டுமே. ஒரு தாளும் பேனாவும் போதும்.

வீல் வாங்கும்போது "பி.சி.டி." கேட்பார்கள்: போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். ஸ்விஃப்ட்டுக்கு 4x100, போலோவுக்கு 5x100. "ஆஃப்செட்" என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது பொருந்தும் தட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இது தவறினால் வீல் ஃபெண்டருக்கு வெளியே துருத்தும், அல்லது உள்ளே சஸ்பென்ஷனில் உரசும்.

கோணங்களைப் புரிந்துகொள்ள நிமிர்ந்து நின்று உங்கள் கால்களையே பாருங்கள். பாதங்களின் விரல் நுனிகள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பினால் அது "டோ-இன்". வெளியே திரும்பினால் "டோ-அவுட்". கால்களை அகட்டி நின்று, மேற்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது போல வீலின் தலை உள்நோக்கிச் சாய்ந்தால் "நெகட்டிவ் கேம்பர்". வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் முழுமையாகப் படிவதற்காகப் பந்தய வண்டிகளுக்குச் சிறிது நெகட்டிவ் கேம்பர் வைப்பார்கள். தோற்றத்துக்காக வண்டியைத் தரையோடு தாழ்த்தி மிகையாகச் சாய்த்து வைப்பதை "ஸ்டான்ஸ்" என்பார்கள். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் டயரின் உட்புறம் விரைவில் தேய்ந்துபோகும், நம் ஊர் வேகத்தடைகள் அடியை உரசும். "காயில்ஓவர்" என்பது உயரத்தையும் விறைப்பையும் மாற்றி அமைக்கக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுதி.

பிரேக் பற்றி ஒரு சொல் போதும்: "ஃபேட்". தொடர்ந்து கடுமையாக மிதிக்கும்போது வெப்பம் ஏறி பிரேக் பிடிக்காமல் போவது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது என்று பொருள். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்காது. ஆனால் இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, ஈரம் சேர்ந்தால் கொதிநிலை பல பத்து டிகிரி இறங்கிவிடும். தடத்தில் ஓட்டப் போகும் முன் பழைய பிரேக் ஆயிலை மாற்றாமல் போகவே கூடாது.

ஐந்தாம் படி: தடத்தில் நடக்கும் அசைவுகள்

வளைவை மிகக் குறைந்த நேரத்தில் கடக்க உதவும் பாதை "ரேஸிங் லைன்". வெளிவிளிம்பில் நெருங்கி, திரும்பத் தொடங்கும் "டர்ன்-இன்" புள்ளியில் ஸ்டீயரிங்கைத் திருப்பி, உள்விளிம்பைத் தொடும் "ஏபெக்ஸ்" வழியாகச் சென்று, மீண்டும் வெளிவிளிம்புக்கு விரிந்து வெளியேறுவது அதன் வடிவம். புதியவர்கள் ஏபெக்ஸைச் சீக்கிரமே தொட்டுவிடுவார்கள். அப்படித் தொட்டால் வெளியேறும் இடத்தில் தடம் போதாமல் புல்லில் இறங்க நேரிடும். பொறுமையாகத் தாமதித்துத் தொடுவதை "லேட் ஏபெக்ஸ்" என்பார்கள். பயிற்றுநர்கள் முதல் நாளே இதை வற்புறுத்துவதற்குக் காரணம், அது பாதுகாப்பானது என்பதோடு அடுத்த நேர்ப்பாதையில் சீக்கிரம் மிதிக்கவும் இடம் தருகிறது.

ஒரு டயரிடம் உள்ள பிடிமானத்தை மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக், திருப்பம், வேகமெடுப்பு ஆகிய மூன்று செலவுகளும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். முழுப் பிடிமானத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டுத் திரும்ப முயன்றால் முன்சக்கரங்களிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும். அதுதான் "அண்டர்ஸ்டீர்", நம் ஊரில் பெரும்பாலான கார்கள் முன்சக்கர இயக்கம் என்பதால் புதியவர் முதலில் சந்திப்பது இதையே. பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து வண்டியின் வால் வெளியே வீசுவது "ஓவர்ஸ்டீர்". அதை வேண்டுமென்றே உண்டாக்கிக் கட்டுக்குள் வைத்து ஓட்டுவதே "டிரிஃப்ட்". ஜப்பானில் "டோகே" என்று சொல்லப்படும் மலைப்பாதைகளில் வளர்ந்த கலை அது. திருப்பத்துக்குள் நுழைந்தபின்னும் பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொண்டே போவது "டிரெயில் பிரேக்கிங்". ஒரு செலவைக் குறைத்துக் கொண்டே மற்றொன்றைக் கூட்டும் கணக்கு அது.

"ஹீல் அண்ட் டோ" என்பது வலது காலின் முன்பகுதியால் பிரேக்கை மிதித்தபடியே அதே காலின் பக்கவாட்டால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, கியர் இறக்கும்போது இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்தின் வேகத்துக்கு இணையாக்கும் திறமை. கியர் மாற்றும்போது தவறான கியருக்குள் தள்ளிவிடுவதை "மணி ஷிஃப்ட்" என்கிறார்கள், ஏனென்றால் பையிலிருந்து பணம்தான் போகும். 3ஆம் கியரில் 6000 சுழற்சியில் ஓடும் வண்டியை 4ஆம் கியருக்கு மாற்ற நினைத்து அவசரத்தில் 2ஆம் கியருக்குள் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2ஆம், 3ஆம் கியர்களின் விகிதங்கள் முறையே 1.95, 1.30 என்று வைத்துக்கொண்டால், கிளட்ச் விட்ட கணத்தில் இன்ஜின் 9000 சுழற்சிக்கு இழுத்துச் செல்லப்படும். சுழற்சி எல்லையைக் காக்கும் லிமிட்டர் எரிபொருளை நிறுத்த முடியும். சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

ஆறாம் படி: கொடிகளும் சட்டமும்

தடத்தில் இறங்கும் முன் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே பட்டியல் கொடிகள். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே; இரட்டை மஞ்சள் என்றால் நிற்கவும் தயாராக இரு. பச்சை என்றால் தடை நீங்கியது. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான வண்டி வருகிறது. மஞ்சளும் சிவப்பும் பட்டையாக இருந்தால் தடம் வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நடுவில் ஆரஞ்சு வட்டம் உள்ள கருப்பு, உன் வண்டியில் கோளாறு தெரிகிறது, தடத்தோரம் வண்டியைப் பழுதுபார்க்கும் பிட்டுக்குத் திரும்பு என்பது. வெயிலில் நின்று கொடி காட்டும் மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அவர்களுக்குக் கை உயர்த்தி நன்றி காட்டுவது இந்த விளையாட்டின் நல்ல பழக்கம்.

ஓட்டத்துக்கு முன் வண்டியையும் ஹெல்மெட்டையும் அதிகாரிகள் சோதிப்பது "ஸ்க்ரூட்டினி". முடிவுப் பட்டியலில் காணும் "டி.என்.எஃப்." ஓட்டத்தை முடிக்காதவர், "டி.என்.எஸ்." தொடங்கவே இல்லாதவர். போட்டியில் பங்கேற்க எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும், பயிற்சி நாள்களுக்கும், வேகத்தைவிட நேரத் துல்லியத்தையே சோதிக்கும் "டி.எஸ்.டி." ராலிக்கும் நுழைவு எளிது. கணவனும் மனைவியும் ஓட்டுநராகவும் வழிகாட்டியாகவும் சேர்ந்து போகக்கூடிய டி.எஸ்.டி. ராலியைத்தான் புதியவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பேன்.

"ரன்" (ஓட்டம்), "புல்" (முழுவதும் மிதித்து வேகமெடுப்பது), "லாஞ்ச்" (நின்ற இடத்திலிருந்து பாய்வது) என்ற சொற்களைப் பொதுச் சாலையை வைத்துப் பேசுபவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையானாலும் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையானாலும், அங்கே மார்ஷல் கிடையாது, எதிரே வரும் ஸ்கூட்டருக்கு ஹெல்மெட்டைத் தவிர வேறு காப்பும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதற்கு முதல் முறையே 3 மாதம் வரை சிறையோ 5000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய ஸ்டாக் பாகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த பந்தய நாளில் ஏதேனும் ஒரு வளைவின் வேலியோரம் போய் அரை மணி நேரம் நிற்பது. எந்த வண்டி எங்கே பிரேக் பிடிக்கிறது, கியர் இறக்கும்போது இன்ஜின் ஒரு முறை உறுமி அடங்குகிறதா, மூக்கு வெளியே ஓடுகிறதா, வால் வீசுகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரை உங்களுக்குள்ளேயே சொல்லிப் பாருங்கள். பிறகு பேடக்குக்கு வந்து, ஓட்டம் முடித்து ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணா, டயர் பிரஷர் எவ்வளவு வெச்சிருந்தீங்க?" என்று கேளுங்கள். அவர் எண்ணைச் சொல்வதற்கு முன் உங்களைத் திரும்பிப் பார்த்து, "கோல்டா, ஹாட்டா?" என்று கேட்பார். ஓடுவதற்கு முன் குளிர்ந்த டயரில் அளந்ததா, ஓடி முடித்துச் சூடான டயரில் அளந்ததா என்பது அதன் பொருள். வெப்பத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து இரண்டுக்கும் இடையே சில பி.எஸ்.ஐ. வேறுபாடு இருக்கும். "ரெண்டும் சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, கையில் உள்ள தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.